அரை மில்லிமீட்டரில் தவறிய துவக்கு

1900ஆம் ஆண்டு ஆகஸ்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த போயர் கைதிகளை ஆங்கிலேயர் தியத்தலாவைப் புல்மேட்டில் முகாம் போட்டு வைத்தார்கள். பதுளை மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே, நாலாபுறமும் மலை சூழ்ந்த இடம். சுமார் ஐயாயிரம் பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலும் விவசாயிகள், சிறு வயதிலிருந்தே துவக்கோடு வளர்ந்தவர்கள். அவர்களுடைய குறியைக் கண்டு உலகின் மிகப் பெரிய பேரரசின் படை திகைத்துப்போயிருந்த காலம் அது. இலங்கைத் தோட்டத் துரைமாரும் குதிரைப் படையாகத் திரண்டு, அதே ஆண்டில் போயர்களுக்கு எதிரான அந்தப் போருக்குப் போனார்கள்.

போயர் கையில் ஜெர்மன் மவுசர், ஆங்கிலேயர் கையில் புத்தம்புதிய லீ என்ஃபீல்ட். குழலும் தோட்டாவும் நல்லவைதான். ஆனால் முதலில் போன லீ என்ஃபீல்ட்களில் பல, 500 கெஜத்தில் குறிக்கு 18 அங்குலம் வலப்பக்கம் தள்ளிச் சுட்டன. எதிரியின் நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் குண்டு அவன் தோளுக்கு வெளியே போகும். பார்லிமெண்ட் வரை போன விவகாரம் இது.

எவ்வளவு பெரிய கோளாறு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கெஜம் என்பது சுமார் 457 மீட்டர். 18 அங்குலம் சுமார் 46 சென்டிமீட்டர். ஆக ஆயிரத்தில் ஒரு பங்கு விலகல். அந்தத் துவக்கில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே இரண்டடிக்குச் சற்றுக் குறைவான தூரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். குழலின் நுனியில் நிற்கும் ஒரு சின்ன இரும்புப் பல் நகப் பருமனளவு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்தத் துவக்குக்கு உலகத்திலேயே விலையுயர்ந்த குழலை மாட்டியிருந்தாலும் குண்டு அதே 18 அங்குலம் வலப்பக்கம்தான் போயிருக்கும்.

சாதாரணமான பொயின்ட் 22 ரைஃபிளோ, காற்றுத் துப்பாக்கியோ வைத்துக்கொண்டு குறிசுடும் விளையாட்டில் இறங்குகிறவருக்கு இந்தப் பழைய கதை இன்றைக்கும் உதவும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வருகிற முதல் கேள்வி, எதை மாற்றுவது என்பது. புதுக் குழலா, ஸ்கோப்பா, ட்ரிகரா, கட்டையா? கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைத்தான் கை முதலில் தேடும். ஆனால் இதற்கு வரிசை சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான் அது. (அதற்கும் முன்னால் உரிமப் பத்திரம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உரிமத்தோடும் முறையான ரேஞ்சிலும் சுடுகிறவருக்கு மட்டுமே.)

ஒருவர் 50 மீட்டரில் பல தோட்டாக்கள் சுடுகிறார். துளைகள் ஒரே இடத்தில் விழுவதில்லை, சிதறுகின்றன. அந்தச் சிதறலுக்கு மூன்று பேர் பொறுப்பு: சுடுகிறவர், தோட்டா, துவக்கு. உதாரணத்துக்குக் கை நடுக்கத்தால் 40 மில்லிமீட்டர், தோட்டாவின் ஏற்ற இறக்கத்தால் 20, குழலால் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு? 70 என்று கூட்டத் தோன்றும். அப்படிக் கூடாது. மூன்று பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்று இடப்பக்கம் தள்ளும்போது இன்னொன்று மேலே தள்ளலாம், மற்றது திரும்ப நடுவுக்கே இழுக்கலாம். இப்படிப்பட்ட பிழைகள், செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போல வர்க்கமாகத்தான் கூடும். 1,600, 400, 100. மொத்தம் 2,100. வர்க்கமூலம் எடுத்தால் 46 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இப்போது காசைச் செலவழிப்போம். பெருந்தொகை கொடுத்துப் புதுக் குழல் மாட்டி, குழலின் பங்கைப் பாதியாக்கியாயிற்று. 100 இருந்த இடத்தில் 25. மொத்தச் சிதறல் 45 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை! அதே ஆள் பழைய குழலையே வைத்துக்கொண்டு, ஒரு தோல்வாரும் கொஞ்சம் பயிற்சியுமாகத் தன் நடுக்கத்தை 40இலிருந்து 20 ஆக்கினால் மொத்தம் 30 மில்லிமீட்டராக இறங்கிவிடுகிறது. பெரிய பிழை இருக்கும் வரை சின்னப் பிழைகள் அதன் நிழலில் மறைந்து கிடக்கும். அவற்றில் காசைப் போட்டால் பலகையில் தெரியாது.

இந்த வரிசை நிலையாக நிற்பதும் இல்லை. அவரே இன்னும் பழகி நடுக்கத்தை 10க்குக் கொண்டுவந்துவிட்டால், இதுவரை இரண்டாம் இடத்தில் இருந்த தோட்டா முதலிடத்துக்கு வந்துவிடும். அப்போது தோட்டாவின் பங்கைப் பாதியாக்குகிற நல்ல தோட்டா வாங்கினால் சிதறல் 24இலிருந்து 17க்கு இறங்கும். முன்பு வாங்கியிருந்தால் 46 என்பது 42 ஆகியிருக்கும். பொருள் அதே பொருள்தான், வாங்கும் காலம்தான் அதற்கு மதிப்பைக் கொடுக்கிறது. அடுத்து என்ன வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்பதைவிடத் துளை விழுந்த காகிதத்தைக் கேட்பது நல்லது.

நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளில் துவக்கோடு திரிந்தவர்களின் வரிசை வேறாக இருந்தது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் பட்டறையில் செய்வித்துக் கொண்டுவந்த ரைஃபிளின் எடை 21 றாத்தல். அது எறிந்த குண்டு நான்கு அவுன்ஸ். அவ்வளவு கனமான குண்டைத் தள்ளும்போது தோளில் விழும் உதையைத் தாங்கத்தான் அந்த எடை. யானையைப் பத்துப் பதினைந்து எட்டுத் தூரத்தில் நின்று சுட்டவர்கள் அவர்கள். அந்தத் தூரத்தில் சைட்டின் பிழை ஒரு பொருட்டே இல்லை. குண்டு எலும்பைத் துளைக்குமா, மழையில் நனைந்த மருந்து பற்றுமா என்பவைதான் பெரிய பிழைகள். ஆகவே காசு அங்கே போயிற்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக, அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரோஜர்ஸ் இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இன்றும் பதுளை நகருக்குள் நிற்கிறது. பதுளை அடங்கிய ஊவாவின் யானைக்கூட்டம் ஒரு தனி மனிதரின் கையால் இத்தனை குறைந்தது என்பது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிற செய்தி. துவக்கைக் காகிதப் பலகைக்கு முன்னால் மட்டும் தூக்குகிற இன்றைய விளையாட்டை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தியத்தலாவையில் கைதியாக இருந்த போயர்களில் ஒருவரான எங்கெல்பிரெக்ட் பின்னாளில் யால காப்பகத்தின் காவலராக ஆனார் என்பது இந்த வரலாற்றில் ஓர் ஆறுதல்.

பலகைக்குத் திரும்புவோம். சிதறல் வேறு, விலகல் வேறு. லீ என்ஃபீல்ட் காட்டியது விலகல். துளைகள் நெருக்கமாகத்தான் விழும், ஆனால் மொத்தமாகத் தள்ளி விழும். இதைச் சரிசெய்யப் புதுப் பொருள் எதுவும் வேண்டாம். மணல் மூட்டையில் துவக்கைச் சாய்த்து, ஐந்து தோட்டா சுட்டு, அந்த ஐந்தின் நடுவைக் கண்டு, சைட்டைத் திருப்ப வேண்டியதுதான். ஒரே ஒரு துளையைப் பார்த்துச் சைட்டைத் திருப்புகிறவர்கள் உண்டு. அந்தத் துளை சிதறலின் எந்த ஓரத்தில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த துளைக்கு மறுபடி திருப்பி, அதற்கடுத்ததற்கு மறுபடி திருப்பி, பெட்டி காலியாகும் வரை சைட்டைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள்.

சைட் என்றதும் கண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சாதாரண திறந்த சைட்டில் கண் மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் பார்க்கவேண்டியிருக்கிறது: பின் சைட்டின் வெட்டு, முன் சைட்டின் பல், தூரத்துப் பலகை. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். நாற்பது வயதைத் தாண்டினால் அந்த மாறிமாறிக் குவிதலும் தளர்ந்துவிடும். இதற்கு மருந்து ஒரு சின்னத் துளை. பின் சைட்டின் இடத்தில் கண்ணுக்கு அருகே ஊசித்துளை போன்ற வளையம் ஒன்றை வைத்தால், உள்ளே வரும் ஒளிக்கற்றை மெலிந்து, அருகிலுள்ளதும் தூரத்திலுள்ளதும் ஒருசேரத் தெளிகின்றன. வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும், மனிதப் பார்வைக்கு அப்படியொரு பழக்கம் இருக்கிறது. ஒலிம்பிக் ரைஃபிள்களில் இன்றைக்கும் ஸ்கோப் கிடையாது. இந்தத் துளைதான். முதற்செலவாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்கோப்தான் வேண்டும் என்றால் அளவான உருப்பெருக்கம் போதும். பெருக்கம் கூடக்கூடப் பலகை மட்டுமல்ல, கையின் நடுக்கமும் பெரிதாகிக் கண்முன் ஆடும். ஊவா மலைகளில் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியதா என்று. இல்லாவிட்டால் ஹப்புத்தளை மூட்டத்தில் ஒரு காலை போதும், வில்லைக்கு உட்புறம் பனித்துவிடும். அதைத் துடைக்க வழியில்லை.

தோட்டாவுக்கு வருகிறேன். வேகம் கூடினால் நல்லது என்பது பரவலான நம்பிக்கை. பொயின்ட் 22இல் அதற்கு நேர்மாறான ஓர் அழகிய விந்தை இருக்கிறது. அதிவேகத் தோட்டா வினாடிக்குச் சுமார் 380 மீட்டரில் குழலை விட்டுக் கிளம்புகிறது, ஒலியைவிட வேகமாக. காற்றில் உராய்ந்து வேகம் குறைந்து, ஏறக்குறைய 50 மீட்டரில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும் கணத்தில் காற்றின் அழுத்த அலைகள் குண்டின்மேல் இடம்மாறுகின்றன, குண்டு தள்ளாடுகிறது. போட்டித் தோட்டா செய்கிறவர்கள் அதனால்தான் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, வினாடிக்கு 330 மீட்டருக்கு உள்ளேயே வைக்கிறார்கள். அது கிளம்புவதே ஒலிக்குக் கீழேதான், கடக்க எல்லை எதுவும் இல்லை. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. பதுளையில் 28 பாகை வெயிலில் ஒலி வினாடிக்கு 348 மீட்டர் ஓடும். விடிகாலை ஹப்புத்தளையில் 12 பாகை குளிரில் 339 மீட்டர்தான். பதுளையில் எல்லைக்கு உள்ளே இருந்த தோட்டா, மலையேறியதும் எல்லையை உரசலாம்.

இன்னொரு விஷயம், ஒரு துவக்குக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிப்பதில்லை. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து ஒரே மாதிரி செய்த இரண்டு குழல்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். குழல் ஒவ்வொரு வெடிக்கும் அதிர்கிறது. தோட்டா வெளியேறும் கணத்தில் நுனி எந்தப் பக்கம் அசைந்துகொண்டிருக்கிறது என்பது மில்லிவினாடிக் கணக்கு. சர்வதேச வீரர்கள் இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியில் உள்ள லபுவா சோதனைக்கூடங்களுக்குத் தம் துவக்கைக் கொண்டுபோய், இரும்புப் பிடியில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துப் பொருந்துகிற தொகுதியை வாங்குகிறார்கள். நம்மவர் நான்கைந்து வகைகளில் வகைக்கொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வாரையும் ட்ரிகரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று கிலோ துவக்கைத் தாங்கும் தசை நிமிடத்தில் களைத்து நடுங்கும். எலும்பு களைக்காது. மேற்கையில் சுற்றி இறுக்கிய வார், எடையைத் தசையிலிருந்து எலும்புக்கு மாற்றுகிறது. ட்ரிகரை இழுக்கும் விசை துவக்கின் எடையையே நெருங்கினால், விரல் மடங்கும்போது குழலும் கூடவே அசையும். அதை இலகுவாக்குவது துவக்குத் திருத்துபவரின் வேலை. சமையலறை மேசையில் திருகாணியைக் கழற்றிப் பார்க்கிற காரியமல்ல. அளவுக்கு மீறி இலகுவான ட்ரிகர், துவக்கு கீழே தட்டினாலே வெடிக்கும். பொயின்ட் 22 ரைஃபிளே 140 டெசிபெல் அளவுக்குச் சத்தம் போடும். செவியடைப்பு இல்லாமல் சுட்டுப் போன செவிப்புலன் திரும்ப வராது. ஆகவே உண்மையான முதல் துணைக்கருவி சைட்டும் அல்ல, காதுக்கானதுதான். கூடவே கண்ணாடி.

ஊவாவுக்கே உரிய பிழைகள் சில உண்டு. முதலாவது மரம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் கொட்டுகிற மழையில் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, தேயிலைக் கொழுந்துக்கு ஊவா மணத்தைக் கொடுக்கிற அதே வறண்ட காற்று, கட்டையைச் சுருக்கும். உப்பிய மரம் குழலின் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்தினால் குண்டு விழும் இடம் நகரும். மழையில் சரியாக இருந்த சைட் கச்சானில் தப்பாகத் தெரிவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்த் தாள் போதும். துவக்கில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து, நுனியிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டே வரவேண்டும். வழியில் எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் குழலைத் தொடுகிறது. அந்த இடத்தை உப்புத்தாள் கொண்டு மெல்லத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு எண்ணெய் பூசிவிட்டால் குழல் சுதந்திரமாக அதிரும். செலவு சில ரூபாய்தான்.

அடுத்தது சரிவு. 50 மீட்டர் போவதற்குள் பொயின்ட் 22 குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்டத்தான் சைட் குழலைச் சற்று மேல்நோக்கி வைக்கிறது. துவக்கைப் பக்கவாட்டில் ஐந்து பாகை சாய்த்துப் பிடித்தால், மேல்நோக்கிய அந்தத் தூக்கலின் ஒரு பகுதி பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். 12 சென்டிமீட்டரில் ஐந்து பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் விலகல் வரும். ஒலிம்பிக் 50 மீட்டர்ப் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஆகவே பத்து ஒன்பதாகிவிடும். சமதரையில் கண் அடிவானத்தைப் பிடித்துக்கொண்டு துவக்கை நிமிர்த்திவிடும். தேயிலைச் சரிவில் அடிவானம் எங்கே? நிரை நிரையாகச் சரியும் செடிகளைக் கண் மட்டமென்று நம்பிவிடுகிறது, கையும் கூடவே சாய்கிறது. சைட்டருகே ஒட்டுகிற விரல்நுனி அளவு ரசமட்டம் இந்தப் பிழையைத் தீர்த்துவிடும். மேலேயோ கீழேயோ நோக்கிச் சுட்டால் இன்னொரு விந்தை: இரண்டிலும் குண்டு மேலேதான் படும். முப்பது பாகைச் சரிவில் 100 மீட்டர் தூரம் என்றால், புவியீர்ப்பின் கணக்கில் அது 87 மீட்டர்தான். சமதரை 100 மீட்டருக்குச் சரிசெய்த சைட் ஏழு சென்டிமீட்டர் மேலே சுடும்.

கச்சான் காலத்தில் பக்கவாட்டுக் காற்று வினாடிக்கு நான்கு மீட்டர் வீசினால் 50 மீட்டரில் சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளும். குச்சியில் கட்டிய துணிநாடா ஒன்றைப் பாதி தூரத்தில் நட்டுவைப்பதைவிட மலிவான துணைக்கருவி இல்லை.

இந்தத் தீவிலிருந்து உலக மேடைக்குப் போனவர்கள் பலரின் துறை காற்றுத் துப்பாக்கி. 1994இல் விக்டோரியா பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் இணைந்து பெண்கள் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். பத்து மீட்டரில் அவர்கள் நோக்கிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். லீ என்ஃபீல்டின் முன் சைட் விலகிநின்ற அளவும் கிட்டத்தட்ட அதுவே. 2016 ரியோவில் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவுக்குப் போட்டிக்குச் சற்று முன் சைட் உடைந்தது, மாற்றுச் சைட்டோடு சுட்டு அவர் நான்காம் இடத்தில் நின்றார். உலகத்தரமான குழல் கையில்தான் இருந்தது.

அப்படியானால் புதுக் குழல் எப்போது? பொயின்ட் 22இன் ஈயக் குண்டு மெத்தென்றது, மருந்தும் குறைவு. பல்லாயிரம் தோட்டா சுட்டாலும் குழல் தேய்வதில்லை. குழல் கெட்டது என்று சொல்லப்படுகிற துவக்குகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது அதன் வாய்விளிம்பு மட்டும்தான். குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வாயு விளிம்பெங்கும் ஒரே சீராக விலகவேண்டும். ஓரிடத்தில் சின்ன வெட்டு இருந்தாலும் வாயு அங்கே முந்திக்கொண்டு குண்டின் பின்புறத்தை ஒரு பக்கம் தள்ளும். துடைக்கும் கம்பி இடித்தோ, வண்டியில் ஆடி எதிலாவது தட்டியோ அந்த வெட்டு விழுந்திருக்கும். இந்த மலை ஈரத்தில் எண்ணெய் காணாமல் கிடந்தால் துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். துவக்கு காலி என்று உறுதிசெய்துகொண்டு, போல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பெங்கும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பஞ்சின் இழை எங்காவது சிக்கினால் பட்டறையில் கொடுத்து விளிம்பை மட்டும் புதிதாகச் சீவச் சொல்லலாம், குழலின் விலையில் மிகச் சிறு பங்குதான் ஆகும். சிக்காவிட்டால் குழலுக்கு எடுத்துவைத்த காசில் தோட்டா வாங்குங்கள்.